டொனலிக்கு நான் ஊதிய மூன்று காலைகள்

நான் மந்திரம் எதுவும் சொல்லவில்லை. விபூதி போடவில்லை. வேப்பிலை கையில் இருக்கவில்லை. என் பழைய வார்டில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஓடுகிற கதையில், நான் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்ததாகவும் ஒரு கிழவர் உடனே கட்டிலை விட்டுக் குதித்ததாகவும் இருக்கிறதாம். போன மாதம் ஒருத்தி போன் எடுத்து, "அன்ரி, நீங்கள் உண்மையாவே பேய் ஓட்டினீங்களோ?" என்று கேட்டாள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஓய்வு பெற்ற மனுசிக்குக் கோபப்பட நேரம் தாராளமாக இருக்கிறது. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். நான் ஊதினேன். மூன்று தரம். அவ்வளவுதான்.

நான் நேர்ஸ் ஆனது பெரிய கதையல்ல. யாழ்ப்பாணத்தில் பிரச்சினை முற்றியபோது லண்டனுக்கு வந்தேன். ஒரு வயோதிபர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றினேன், பிறகு படித்தேன், பாஸ் பண்ணினேன். தென்கிழக்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் முதியோர் வார்டில் இருபத்தாறு வருடம் நின்றேன். படித்ததில் கால்வாசிதான் வேலைக்கு உதவியது. மிச்சம் முழுவதும் சிஸ்டர் கிரேஸ் போட்ட பிச்சை.

சிஸ்டர் கிரேஸ் கானா நாட்டவர், எங்கள் வார்டின் தலைவி. அவர் எதையும் காதால் கேட்டு நம்பமாட்டார். "காட்டு" என்பார். காயம் ஆறிவிட்டது என்று சொன்னால், காட்டு. நோயாளி சாப்பிட்டார் என்று சொன்னால், தட்டைக் காட்டு. குரல் ஒருநாளும் உயராது. மார்புப் பையில் ஒரு குட்டி டோர்ச் எப்போதும் இருக்கும். அவர் ஆங்கிலம் எனக்கு எங்கள் பள்ளிக்கூட அதிபர் அம்மாவின் தமிழாகத்தான் காதில் விழும், இன்றைக்கும் அப்படித்தான் ஞாபகம் வருகிறது.

வாய் பார்க்கிற விதத்தை அவர் எனக்கு என் முதல் கிழமையிலேயே பழக்கினார். முதலில் பொய்ப்பல்லைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் பார்த்தால் பார்க்காததற்குச் சமன். பிறகு மரத்தகட்டால் நாக்கை மெல்ல அழுத்தி, டோர்ச்சை ஒரு கன்னத்துக்குள், மறு கன்னத்துக்குள், அண்ணத்துக்கு, கடைசியில் நாக்கின் அடிக்கு. சொட்டு மருந்தென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். வாய்க்குள் வைத்திருக்கக்கூடிய மட்டும் வைத்திருந்து பிறகுதான் விழுங்க வேண்டும், அரை மணித்தியாலம் தண்ணீர் கூடாது. கழற்றிய பல்லைத் தூரிகையால் தேய்த்து, இரவு முழுக்கக் கிண்ணத்தில் ஊறவிட வேண்டும். கிண்ணத்தில் பேர் எழுதாவிட்டால் அன்றைக்கு என் கதை கந்தல்.

மிஸ்டர் டொனலி வந்தது கொரோனாவுக்கு முந்திய ஒரு மாரிகாலத்தில். அயர்லாந்தின் மேற்குக் கரைக்காரர், எழுபத்தெட்டு வயது. ஐம்பது வருடம் லண்டன் வீடுகளுக்குச் சுவர் பூசியவர். மனைவி தவறியபின் லூயிஷாமில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். நிமோனியாவோடு வந்தார், நெஞ்சு சுகமாகிவிட்டது. ஆனால் நெஞ்சுக்குக் கொடுத்த அன்டிபயோடிக் வாயைக் கெடுத்துவிட்டது. நாக்கு, கன்னத்தின் உட்புறம், அண்ணம் எல்லாம் தயிர் தெறித்ததுபோல வெள்ளைப் பூஞ்சை. திரஷ் என்போம். தண்ணீர் விழுங்கவே கண் கலங்குவார். சொட்டு மருந்து தொடங்கி இரண்டு கிழமையாகியும் குறையவில்லை. சாப்பாட்டுத் தட்டு போனமாதிரியே திரும்பி வரும். எடை இறங்கிக்கொண்டே போனது.

டொக்டர் ஒரு வெள்ளிக்கிழமை வந்து கட்டிலருகில் இருந்து சொல்லிவிட்டார். பதினொரு நாளில், செவ்வாய்க்கிழமை, கூட்டம். அதற்குள் வாயால் சாப்பிடத் தொடங்கினால் வீட்டுக்கு. இல்லாவிட்டால் மூக்கால் குழாய், அங்கிருந்து கவனிப்பு இல்லம்.

டொக்டர் போனபின் டொனலி என் கையைப் பிடித்தார். அவருடைய பேச்சு எனக்கு எங்கள் ஊர்த் தமிழாகத்தான் கேட்கும். ஏனென்று தெரியாது, இரண்டுமே கடற்கரைப் பேச்சு என்பதாலோ என்னவோ.

"மணி, என்ரை படியிலை நான் ஏறவேணும். என்ரை கேத்திலிலை தேத்தண்ணி வைக்கவேணும். அந்த இல்லத்துக்கு அனுப்பிச்சினமெண்டால் நான் அங்கையிருந்து வெளியிலை வரமாட்டன், பாரும்."

"அப்ப சாப்பிடுங்கோ."

"ஏலாது. நெருப்புத் திண்டமாதிரி இருக்கு."

நான் கழன்றிருந்த திரைச்சீலைக் கொக்கியை எட்டி மாட்டினேன். ஸ்டூல் இல்லாமலே எட்டும், நான் நல்ல உயரம். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொப்பரும் உயரமோ?"

"தெரியாது. நான் பிறக்க இரண்டு மாதத்துக்கு முந்தியே அவர் செத்துப்போனார்."

சொல்லிவிட்டுத்தான் என் வாயை நானே பொத்தினேன். லண்டனில் அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. என் கணவருக்கு மட்டும் தெரியும். தகப்பன் செத்தபின் பிறந்த பிள்ளையை எங்கள் ஊரில் தகப்பனைத் திண்டு பிறந்தது என்பார்கள். நல்ல காரியத்துக்கு வெளிக்கிடுகிறவர்கள் நான் எதிரே வந்தால் திரும்பிப் போய்த் தண்ணி குடித்துவிட்டு வருவார்கள். அம்மா அவர்களுடன் சண்டை பிடித்தே இளைத்துப்போனார். நான் பிளேன் ஏறும்போது அவர் சொன்ன கடைசிப் புத்தி, "அங்கை போய் உதை ஒருத்தருக்கும் சொல்லாதை. கொப்பர் நீ பிறந்தாப் பிறகுதான் செத்தவர் எண்டு சொல்லு." அப்படியே சொல்லி வந்தேன், முப்பது வருடமாக.

டொனலி தலையணையை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒருவரும் தாங்கவில்லை, தானாகவே.

"அவர் உம்மைக் காணேல்லை? நீரும் அவரைக் காணேல்லை?"

"இல்லை."

"கடவுளே!" என்று கையைத் தட்டினார். "இரண்டு கிழமையா என்ரை தலைமாட்டிலை நிண்டுகொண்டு ஒரு வார்த்தை சொல்லேல்லையே நீர்! உம்மட்டை மருந்து இருக்கு!"

பிறகு சொன்னார், வாய் வலியோடு, நிறுத்தி நிறுத்தி. அவர்கள் ஊரில் சிலரிடம் மருந்து இருக்குமாம். படித்து வருவதல்ல, பிறப்பால் வருவது. ஏழாவது ஆண்பிள்ளை தொட்டால் படர்தாமரை போகும். தன் குடும்பப் பெயரையே கொண்ட ஆணைக் கட்டிய பெண் கொடுக்கும் பாண் குக்கல் இருமலுக்கு. கண்கட்டிக்கு நெல்லி மாதிரி ஒரு பழச்செடியின் முள், ஒன்பது முள்ளைக் கண்ணுக்கு நேரே காட்டிவிட்டுப் பத்தாவதை எறிய வேண்டும். கன்னம் வீங்குகிற கூகைக்கட்டுக்குக் கழுதையின் கடிவாளத்தைப் பிள்ளையின் தலையில் மாட்டிப் பன்றிக் கொட்டிலைச் சுற்றி நடத்த வேண்டும்.

"எனக்குப் போட்டவை," என்றார். "கழுதை என்னைப் பாத்த பார்வை இருக்கே, இண்டைக்கும் மறக்கேல்லை."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார்.

"திரஷுக்கு?" என்று கேட்டேன்.

"தகப்பன் முகம் காணாத பிள்ளை வாய்க்குள்ளை ஊதவேணும். திங்கள், வியாழன், திரும்பத் திங்கள். இரண்டு பேரும் வெறும் வயிறு. காசு குடுக்கக்கூடாது, நன்றியும் சொல்லக்கூடாது. எங்கட ஊரிலை உம்மைப்போல ஒரு மனுசி இருந்தவ. பத்து மைலுக்கு அங்காலையிருந்து பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு வருவினம். அவ தேவாலயத்துக்குள்ளை வந்தால் எழும்பி இடம் விடுவினம்."

எழும்பி இடம் விடுவார்களாம். நான் துவாய் எடுக்கிற சாட்டில் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுகையின் நடுவே சிரிப்பும் வந்தது. ஒரே பிறப்பு, ஒரு கடற்கரையில் தோஷம், இன்னொரு கடற்கரையில் மருந்து. என்ன அநியாயம் இது, என்ன சந்தோஷம்!

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போனேன். நேர்ஸ் புத்தி வேலை செய்யத் தொடங்கியிருந்தது. அன்று காலை அவர் பல்லைக் கழற்றித் தரும்போது கிண்ணம் காய்ந்து கிடந்ததைக் கண்டிருந்தேன். இரவில் பல்லைக் கழற்றுவதாகச் சொல்லி எங்களை ஏமாற்றி, விளக்கு அணைந்ததும் திரும்ப மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறார் மனுசன். பூஞ்சை பல்லின் அடியில் சொகுசாகக் குடியிருந்தது. மருந்து எப்படிக் கேட்கும்?

"ஊதுறன்," என்றேன். "ஆனால் எங்கட பக்கத்து விதி ஒண்டு இருக்கு. இரவு முழுக்கப் பல்லுக் கழட்டி ஊறப்போட்ட வாயிலைதான் ஊதல் பிடிக்கும். சொட்டு மருந்தும் நாலு வேளையும் வாய்க்குள்ளை நிக்கவேணும்."

அவர் முகம் சுருங்கியது. "என்னைக் கட்டினவளே என்னைப் பல்லில்லாமல் கண்டதில்லை."

"அப்ப விடுங்கோ."

"பொறும், பொறும். ஆர் விடச் சொன்னது?"

பின்னேரம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு அப்போது எண்பத்து மூன்று. என்னோடு லூயிஷாமில்தான் இருந்தார். பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"உனக்கென்ன விசரே? ஊதிப்போட்டு, அந்தாள் செத்தால்?"

"செத்தால் நிமோனியாவிலை செத்ததெண்டு எழுதுவினம். இஞ்சை ஆரம்மா என்னைச் சொல்லப்போகினம்?"

"ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. நீ சொல்லுவாய். கொப்பரையும் திண்டன், இந்தக் கிழவனையும் திண்டன் எண்டு உன்ரை மனமே சொல்லும். உன்னை எனக்குத் தெரியாதே?"

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அம்மா சொன்னது சரி என்பதுதான் பிரச்சினை. டொனலி எழும்பி வீட்டுக்குப் போனால் என் வாழ்க்கையில் ஒரு கறை கழுவப்படும். போகாவிட்டால் அது இரட்டிப்பாகும். அவருக்கு ஒரு படிக்கட்டு, எனக்கு ஒரு சொல். இரண்டும் அந்தச் செவ்வாய்க்கிழமையில் தொங்கிக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை சிஸ்டர் கிரேஸின் அறைக்குப் போய் நின்றேன். முழுவதையும் சொன்னேன், அப்பாவையும் சேர்த்து. திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"எப்படி ஊதுவாய்? காட்டு."

நான் சுவரைப் பார்த்து ஊதினேன். இருபத்தாறு வருடத்தில் அதைப்போல வெட்கப்பட்டதில்லை.

"எச்சில் பறக்கிறது. உதட்டைக் குவித்து, மெதுவாக. ஒரு கை நீளம் தள்ளி நில். இருமலோ தடிமனோ இருந்தால் கிடையாது." பிறகு டொனலியின் பராமரிப்புத் திட்டத்தை எடுத்தார். அதில் சமயம், பண்பாடு, தனிப்பட்ட விருப்பம் என்று ஒரு பெட்டி உண்டு. வழக்கமாக அதில் கத்தோலிக்கர் என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். சிஸ்டர் கிரேஸ் எழுதினார்: நோயாளியின் வேண்டுகோளின்படி, நேர்ஸ் ஒருவர் ஒரு கை தூரத்திலிருந்து வாயை நோக்கி ஊதுவார். திங்கள், வியாழன், திங்கள். காலை உணவுக்கு முன். திகதி போட்டுக் கையெழுத்தும் வைத்தார்.

"பல் எழுதியிருக்கிறது. மருந்து எழுதியிருக்கிறது. இதுவும் எழுதியாகிவிட்டது," என்றார். "எழுதியதை இந்த வார்டில் செய்வோம்."

திங்கள் காலை தேத்தண்ணி கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன். டொனலி பல்லில்லாத வாயைத் துவாயால் மறைத்துக்கொண்டு புதுமாப்பிள்ளைபோல இருந்தார். கிண்ணத்தில் பல் ஊறிக்கொண்டிருந்தது. திரையை இழுத்தேன். சிஸ்டர் கிரேஸ் கையைக் கட்டிக்கொண்டு கால்மாட்டில் நின்றார். டொனலி வாயைத் திறந்தார், நான் ஊதினேன். பிறகு சொட்டு மருந்து, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.

வியாழன் எனக்கு ஓய்வு நாள். பிலிப்பைன்ஸ்காரச் சிநேகிதி ஒருத்தியிடம் ஷிப்ட் மாற்றிக்கொண்டு போனேன். ஊதி முடிந்ததும் பழக்க தோஷத்தில், "தாங்க் யூ மிஸ்டர் டொனலி" என்றேன். இந்த நாட்டில் கதவுக்குக்கூட அதைச் சொல்லுவோமே.

அவர் இரண்டு கையையும் தலையில் வைத்தார். "கெடுத்துப்போட்டீரே!"

"நீங்கள்தானே சொல்லக்கூடாது? நான் சொல்லலாம்தானே?"

தன் ஊர் மனுசி எப்போதாவது பிள்ளைகளுக்கு நன்றி சொன்னாளா என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். "அது செல்லும்," என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கு நாக்கின் நுனி சிவந்து தெரிந்தது. இரண்டு கரண்டி கஸ்டர்ட் உள்ளே போனது.

வெள்ளிக்கிழமை காய்ச்சல்.

வார்டுக்குள் நுழையும்போதே அவர் முகம் சிவந்திருந்தது, என்னை அடையாளம் பிடிக்கச் சுணங்கினார். அம்மாவின் குரல்தான் காதுக்குள். இளம் டொக்டர் நெஞ்சில் திரும்பக் கிருமி என்றார், திரும்ப அன்டிபயோடிக் என்றார். அதைக் கொடுத்தால் வாய் பழையபடி போகும், செவ்வாயும் போகும்.

சிஸ்டர் கிரேஸ் வந்தார். "அவரைக் காட்டு," என்றார். "நெஞ்சை அல்ல. அவரை."

போர்வையை முழுவதும் விலக்கினார். பாதத்தில் தொடங்கினார். விரல்களின் நடுவே, குதிக்கால், முழங்காலின் பின்புறம், இடுப்பு, முதுகு. ஒவ்வொன்றையும் டோர்ச் பிடித்து, புறங்கையால் தொட்டு. அவசரமே இல்லை. இடது கைக்கு வந்தார். மருந்து ஏற்றுவதற்குப் போட்டிருந்த ஊசிக்குழாய்க்கு மேல் துணி சுற்றியிருந்தது. சுற்றை அவிழ்த்தார். உள்ளே ஊசியைச் சுற்றி வீங்கி, முழங்கையை நோக்கிச் செந்நிறக் கோடு ஒன்று ஏறியிருந்தது.

"இங்கே," என்றார். காய்ச்சல் நெஞ்சால் அல்ல, ஊசியால்.

ஊசியைக் கழற்றினோம். இரத்தம் எடுத்து அனுப்பினோம். மணித்தியாலத்துக்கு ஒருமுறை காய்ச்சல் பார்ப்பது, ஏறினால் உடனே மருந்து, இறங்கினால் இல்லை என்று டொக்டர் ஒத்துக்கொண்டார். பின்னேரம் நான் போகும்போது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. சனி, ஞாயிறு எனக்கு ஓய்வு.

அம்மா என் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சனிக்கிழமை காலை குசினியில் உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துக்கொண்டு நின்றார்.

"அந்தாளின்ரை பேரென்ன?"

"டொனலி."

"ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?"

காட்டினேன். ஜன்னலைத் திறந்து, அந்தத் திசைக்கு மூன்று தரம் சுற்றி, "டொனலிக்குப் பட்ட கண்ணூறெல்லாம் போ" என்று அடுப்பில் போட்டார். புகை கிளம்பியது, ஸ்மோக் அலாம் கத்தியது, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அம்மா துவாயால் அலாமுக்கு விசிறிக்கொண்டே, "எவ்வளவு கண்ணூறு எண்டு பார், லண்டனே கத்துது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் பொறுத்துவிட்டு வார்டுக்குப் போன் எடுத்தேன். சிஸ்டர் கிரேஸ்தான் எடுத்தார்.

"நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை. இன்று முட்டை கேட்டார். தட்டை நானே பார்த்தேன்."

போனை வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டேன். "இறக்கடி, இடுப்பு முறியப்போகுது" என்று கத்தினார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

மூன்றாம் காலை நான் டோர்ச் பிடித்துப் பார்த்தபோது ஒரு கன்னத்தின் மூலையில் மட்டும் கொஞ்சம் வெள்ளை மிச்சம். மற்ற இடமெல்லாம் குழந்தையின் வாய்போல இளஞ்சிவப்பு. ஊதினேன். அவர் வாயை மூடி, நாக்கால் அண்ணத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கஞ்சி கேட்டார்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு எல்லோரும் கட்டிலைச் சுற்றி வந்து நின்றார்கள். டொக்டர், இளம் டொக்டர், நடை பழக்குகிறவர், சமூகசேவைக்காரி, சிஸ்டர் கிரேஸ், நான். டொனலி பல்லை மாட்டி, தலைவாரி, மடியில் தட்டோடு காத்திருந்தார். ஒருவர் பேசத் தொடங்குமுன் வாட்டிய பாண் துண்டை எடுத்துக் கடித்தார். ஓரத்தையும் விடவில்லை. நொறுக் நொறுக்கென்று சத்தம் வார்டெல்லாம் கேட்டது. நடை பழக்குகிறவர், முந்தின நாள் டொனலி பயிற்சிப் படியில் இரண்டு தரம் ஏறி இறங்கினார் என்றார். சமூகசேவைக்காரி தாளைப் பார்த்தார், டொக்டர் எடையைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

"மருந்து கடைசியில் வேலை செய்துவிட்டது," என்றார் இளம் டொக்டர்.

"மருந்து நல்ல மருந்துதான்," என்றார் டொனலி, வாய் நிறையப் பாணோடு. "ஆனால் தம்பி, இரண்டு கிழமையா அதைத் தந்த ஆக்கள் எல்லாருக்கும் தகப்பன் இருந்தவர்."

டொக்டருக்கு விளங்கவில்லை. சிஸ்டர் கிரேஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அவருடைய தோள் குலுங்கியது. எல்லோரும் போனபின் டொனலி என்னைக் கிட்ட வரச்சொன்னார்.

"அந்தப் பல்லு விதி. அது நீர் கட்டின கதைதானே?"

"ஓம்."

"நல்ல விதி," என்றார். "விட்டிடாதையும்."

ஊதலா, பல்லா, சொட்டு மருந்தா, சிஸ்டர் கிரேஸின் டோர்ச்சா, அம்மாவின் மிளகாயா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஐந்தும் செய்தோம். மனுசன் படி ஏறினார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போன கையோடு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு லூயிஷாம் கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றோம். முன்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர். அதில் ஒருத்தி, பேரனின் வாய்க்குள் வெள்ளை படர்ந்து பால் குடிக்கிறானில்லை என்று மற்றவளிடம் சொன்னாள்.

"என்ரை மகளிட்டைக் கொண்டு வா," என்றார் அம்மா.

"முதல்லை ஜீபியிட்டைக் காட்டுங்கோ," என்று குடும்ப டொக்டரைச் சொல்லி நான் குறுக்கே விழுந்தேன்.

"ஜீபிக்கும் காட்டட்டும், இவளுக்கும் காட்டட்டும்."

"ஓம் அக்கா, உங்கட மகள் நேர்ஸ்தானே," என்றாள் அந்தப் பெண்.

"நேர்ஸ் எண்டதுக்கில்லை." அம்மா ஊன்றுகோலை ஒருதரம் தரையில் தட்டினார். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் அம்மாவின் சீலைத் தலைப்பை இழுத்தேன், அவர் என் கையைத் தட்டிவிட்டார். "இவள் தகப்பன் முகம் காணாத பிள்ளை. வயித்திலை பொத்தி வைச்சு, ஏழாம் மாசம் தாலி கழட்டி, ஒன்பதாம் மாசம் பெத்தனான். இவ்வளவு நாளும் வாயைத் திறக்கேல்லை. இப்ப சொல்லுறன், எல்லாரும் கேளுங்கோ. வாய் வெந்த பிள்ளையள், கிழடுகள் ஆர் இருந்தாலும் அனுப்புங்கோ. ஸ்டேஷனிலை இறங்கி இடதுகைப் பக்கம் அஞ்சு நிமிச நடை, பச்சைக் கதவு. மணியின்ரை வீடு எண்டு கேட்டால் ஆரும் காட்டுவினம்."